இரண்டு பறவைகள், ஒரு சுவர்

“பப்பாளி கொடுத்துவிடாதீர்கள்” என்று சொல்லித்தான் வீட்டுக்கார அம்மா என்னை முதல் நாள் காலையில் வெளியே அனுப்பினார். என் அரைகுறை ஸ்பானிஷில் ஏதோ தப்பாகக் காதில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அவரே நடித்துக் காட்டினார். செல்போனைக் கையில் ஆட்டியபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகும் வெளிநாட்டுக்காரன். உரசினாற்போல் வரும் மோட்டார் சைக்கிள். போச்சு! திருடன் கண்ணில் படும்படி பொருளை வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் பப்பாளி கொடுப்பது. கொலம்பியா முழுக்கப் புழங்கும் வழக்கு. நீட்டிய பப்பாளியை எவனும் நறுக்கத்தான் செய்வான் என்று அதற்கு ஒரு பின்பாட்டும் உண்டு.

அவருக்கு எழுபது வயதிருக்கும். 2025 அக்டோபரில் 12 நாட்கள் மெதெயின் நகரத்தில் அவர் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். என்னையும், தன் பூனையையும், எதிர்வீட்டு நாலு வயதுப் பையனையும் ஒரே மாதிரி ‘உஸ்தெத்’ என்றுதான் அழைப்பார். ‘நீங்கள்’ என்று பொருள். இந்த வட்டாரத்துப் பேச்சே அப்படி. கைக்குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடும் கோயம்புத்தூரில் வளர்ந்த எனக்கு ஊர் உடனே பிடித்துப்போக அது ஒன்றே போதுமானதாக இருந்தது. இவர்கள் தங்களைப் ‘பைசா’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். நம் காசுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள் என்ற பெயர் நாடு முழுக்க இவர்களுக்கு இருக்கிறது.

ஊரில் உள்ள சிலைகளையும் சுவரோவியங்களையும் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். சிலை என்றதும் மகிழ்ந்து தலையாட்டினார். சுவர் என்றதும் முகம் சுளித்தார். “சுவரில் கிறுக்குவது அசிங்கம். பார்க்க என்ன இருக்கிறது அதில்?”

மெதெயின் ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அடியில் ஆறு, இருபுறமும் மலைச்சரிவு, சரிவெல்லாம் செங்கல் வீடுகள். இரவில் பார்த்தால் வானத்து நட்சத்திரம் எது, மலைவீட்டு விளக்கு எது என்று பிரிக்க முடியாது. 1995 நவம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில் நகரத்தின் நடுவில் தூண்கள்மீது ஏறிச் செல்கிறது. பெர்ரியோ பூங்கா நிலையத்தில் நின்று கீழே பார்த்தால் தெருவின் மொத்தக் கூத்தும் தெரியும்.

பூங்கா என்பது பெயருக்குத்தான். மரங்கள் கொஞ்சம், மனிதர்கள் நிறைய. தொப்பி வைத்த கிழவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, கிதார் மீட்டி, கிராமத்துப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். காசு விழுந்தால் சரி, விழாவிட்டாலும் பாட்டு நிற்பதில்லை. ஒரு ஜோடி எழுந்து ஆடுகிறது. தள்ளுவண்டி முழுக்க ஃபிளாஸ்க்குகளை அடுக்கிக்கொண்டு ‘தின்தோ, தின்தோ’ என்று கூவி வருகிறார்கள். தின்தோ என்றால் பாலில்லாத காப்பி, சின்னப் பிளாஸ்டிக் குவளையில். உலகத்துக்கே காப்பி விற்கும் நாட்டின் தெருக்காப்பி எப்படியிருக்கும் என்று ஆவலோடு வாங்கினேன். தண்ணீராய், சர்க்கரை தூக்கலாய் இருந்தது. நல்ல கொட்டையெல்லாம் நெடுங்காலமாகக் கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் தினமும் நாலு குவளை குடித்தேன். விற்கிற அம்மாள் ஒவ்வொரு முறையும் ‘மி அமோர்’ என்பார், என் ராசா என்கிற மாதிரி. அதற்காகவே இன்னொன்று வாங்கலாம்.

இந்தப் பூங்காவின் ஓரத்தில், மத்திய வங்கிக் கட்டடத்தின் முன்னால், தலையும் கைகாலும் இல்லாத ஒரு பெண்ணுடல் வெண்கலத்தில் நிற்கிறது. உருண்டு திரண்ட உருவங்களுக்குப் பேர்போன ஓவியர், சிற்பி ஃபெர்னாந்தோ பொத்தேரோ செய்தது. 1986-இல் இங்கே வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊர் முழுக்க ‘லா கோர்தா’, குண்டம்மா. “நாலு மணிக்குக் குண்டம்மாகிட்ட வந்துடு” என்றால் எந்த ஆட்டோகாரருக்கும்... மன்னிக்கவும், அங்கே ஆட்டோ கிடையாது, எந்த டாக்சிக்காரருக்கும் தெரியும். நான் குண்டு மனிதர்களை வரையவில்லை, கன அளவைத்தான் வரைகிறேன் என்று பொத்தேரோ ஆயுள் முழுக்கச் சொல்லிப்பார்த்தார். பிறந்த ஊரே கேட்கவில்லை.

ரயில் பாதையைக் கடந்து இரண்டு நிமிடம் நடந்தால் அவர் பெயரிலேயே ஒரு சதுக்கம். பழைய நகராட்சி மாளிகையில் இப்போது இருக்கும் அந்தியோக்கியா அருங்காட்சியகத்துக்குத் தன் ஓவியங்களை அள்ளிக் கொடுத்த பொத்தேரோ, அதன் வாசலில் வைக்க 23 வெண்கலச் சிலைகளையும் கொடுத்தார். குதிரை, நாய், பூனை, ரோமானியச் சிப்பாய், ஆதாம், ஏவாள், படுத்திருக்கும் பெண், வெறும் கை ஒன்று. ஒவ்வொன்றும் யானைக்கன்று கனம். வேலி இல்லை, தொடாதே பலகை இல்லை. தொடத்தான் வைத்திருக்கிறார்கள் போல எல்லோரும் தொடுகிறார்கள். வெண்கலம் கருத்துப்போய் இருக்க, கை படும் இடங்கள் மட்டும் மஞ்சளாக மின்னுகின்றன. நாயின் மூக்கு, படுத்திருக்கும் பெண்ணின் மார்பு, ஆதாமுக்கும் சிப்பாய்க்கும் எங்கே என்று நான் சொல்லவேண்டியதில்லை. பள்ளிச் சீருடையில் வந்த பெண்பிள்ளைகள் கூட்டம் ஒன்று சிப்பாயைச் சுற்றி நின்று சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன.

வேலி இல்லை என்று எழுதினேன். ஒரு வருடம் இருந்தது. திருட்டு பெருகிவிட்டது என்று 2023 தொடக்கத்தில் நகர நிர்வாகம் சதுக்கத்தைச் சுற்றித் தடுப்புகள் வைத்து, பையைச் சோதித்து உள்ளே விட்டது. சுற்றுலாக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் இந்தச் சதுக்கம் தொப்பி விற்பவர்கள், பழம் நறுக்குபவர்கள், லாட்டரிக்காரர்கள், காலையிலிருந்தே சிலைகளின் நிழலில் நிற்கும் பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரின் பிழைப்பிடமும்கூட. அருங்காட்சியகமே ஒருமுறை அந்தப் பெண்கள் சிலரோடு சேர்ந்து, தங்கள் கதையை அவர்களே மேடையில் ஆடிப்பாடிச் சொல்லும் நிகழ்ச்சியை உருவாக்கியிருக்கிறது. தடுப்பு யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்று சண்டை நடந்தது. 2024 ஜனவரியில் புதிய மேயர் வந்ததும் தடுப்புகள் போயின. நான் போனபோது எல்லோரும் இருந்தார்கள், போலீஸ் உட்பட. பப்பாளி நினைவுக்கு வந்து பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பொத்தேரோ 2023 செப்டம்பரில் மொனாக்கோவில் இறந்தார். வயது 91. உடலை இங்கே கொண்டுவந்தபோது இதே அருங்காட்சியகத்தில்தான் ஊர் வரிசையில் நின்று பார்த்தது.

ஆனால் அவருடைய 23 சிலைகளைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அங்கே இல்லை. தெற்கே கொஞ்ச தூரத்தில் சான் அந்தோனியோ என்ற திறந்தவெளி இருக்கிறது. சிமெண்டுத் தரை, வெயில், ஓரத்தில் சாப்பாட்டுக் கடைகள். ஞாயிறானால் ஆப்பிரிக்க வம்சாவளிக் கொலம்பியர்கள் கூடும் இடம். அங்கே பொத்தேரோவின் இரண்டு பறவைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று உருண்டு திரண்டு பளபளப்பாக. மற்றது வயிறு கிழிந்து.

1995 ஜூன் 10 மாலை அங்கே ஒரு இசைவிழா. பறவைச் சிலையின் அடியில் வைத்திருந்த குண்டு வெடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏராளமானோருக்குக் காயம். அப்போது கொலம்பியாவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் பொத்தேரோவின் மகன். நகராட்சி உடைந்த சிலையை அகற்றப் போனபோது சிற்பி தடுத்தார். அது அங்கேயே இருக்கட்டும், மனிதனின் மடத்தனத்துக்கு நினைவுச்சின்னமாக இருக்கட்டும் என்றார். 2000-இல் அதே மாதிரி இன்னொரு பறவையைச் செய்து பக்கத்தில் வைத்தார்.

நான் கொஞ்சநேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். கிழிந்த பறவையின் உள்ளே பார்க்க முடிகிறது. வெண்கலச் சிலை உள்ளே வெற்றுக்கூடு என்பது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பார்க்கும்போது ஒரு மாதிரி இருந்தது. தகடு காகிதம்போல வெளியே சுருண்டிருக்கிறது. பீடத்தில் இறந்தவர்களின் பெயர்கள். ஒரு பையன் அந்தப் பீடத்தில் சாய்ந்து எம்பனாதா தின்றுகொண்டிருந்தான். எம்பனாதா என்றால் சோமாசியின் கொலம்பிய அத்தை மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இனிப்புக்குப் பதில் உருளைக்கிழங்கும் கறியும். அவனுக்குப் பதினைந்து வயதிருக்கும். குண்டு வெடித்தபோது அவன் அம்மாவே சிறுமியாகத்தான் இருந்திருப்பாள். அவனுக்கு அது சாய்ந்து நிற்க வசதியான கல்.

நல்ல பறவையை மட்டும் வைத்திருந்தால் அது ஒரு சிலை. உடைந்ததை மட்டும் வைத்திருந்தால் அது கல்லறை. இரண்டையும் வைத்திருப்பது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. ‘சரிசெய்துவிட்டோம், ஆனால் மறைக்கவில்லை’ என்று ஊர் சொல்கிற மாதிரி. எல்லா விஷயத்திலும் ஊர் அப்படி இல்லை என்பது நான்கு நாள் கழித்துத் தெரிந்தது.

கொமுனா 13-க்குப் போகாமல் இன்று யாரும் மெதெயினை விட்டு வருவதில்லை. கொமுனா என்றால் நகர வட்டம், அவ்வளவுதான். மேற்கு மலைச்சரிவில் இருக்கிறது. மெட்ரோவில் சான் ஹவியேர் வரை போய் மேலே ஏறவேண்டும். 1991-இல் மெதெயினில் லட்சம் பேருக்குச் சுமார் 380 பேர் என்ற அளவில் கொலைகள் நடந்தன. உலகின் ஆபத்தான நகரம் என்ற பட்டம் அப்போது வந்தது. அந்த நகரத்துக்குள்ளும் ஆபத்தான மூலைகளில் ஒன்றாக இருந்தது இந்தச் சரிவு. கடல் பக்கம் போகும் பாதைக்கு அருகில் இருப்பதால் கொரில்லாப் போராளிகளும், அரசுப்படை அல்லாத சட்டவிரோதத் துணைராணுவக் குழுக்களும், கடத்தல்காரர்களும் மாறி மாறி அடித்துக்கொண்ட இடம்.

இப்போது அங்கே இறங்கியதும் காதில் விழுவது ஒலிபெருக்கி. பத்தடிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பாட்டு. தலைகீழாகச் சுழன்று ஆடும் பையன்கள். வழிமறித்து ராப் பாடும் இன்னும் சில பையன்கள். எந்த நாடு என்று கேட்டார்கள். ‘இந்தியா’ என்றேன். அடுத்த நொடியே இந்தியாவுக்கு எதுகை பிடித்து, என் மூக்குக்கண்ணாடியையும் தொந்தியையும் பாட்டில் சேர்த்து, பாலிவுட்டில் கொண்டுபோய் முடித்தார்கள். தென்னிந்தியா என்று திருத்த நேரமில்லை. 5,000 பெசோ கொடுத்தேன். தொந்திக்காக ஆயிரம் குறைத்திருக்கலாம்.

2011 டிசம்பரில் இந்தச் சரிவில் நகராட்சி மின்படிக்கட்டு போட்டது. கடைகளில் இருக்குமே, அதே எஸ்கலேட்டர், திறந்தவெளியில், ஆறு பகுதிகளாக, மேலே ஆரஞ்சு நிறக் கூரையோடு. மொத்த ஏற்றம் 28 மாடிக் கட்டடத்துக்குச் சமம். கட்டணம் கிடையாது. அதற்கு முன் சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான படிகள் ஏறியிருக்கிறார்கள். நான் போன அன்று ஒரு பாட்டி இரண்டு பைகளோடு ஏறப் பார்த்தார். படம் எடுத்துக்கொண்டிருந்த ஜெர்மானியர் கூட்டம் வழியை அடைத்து நின்றது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பையால் இடித்துக்கொண்டு நேராக நடந்தார். வழி கிடைத்தது.

சுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட வந்தது உள்ளூர் இளைஞன் ஒருவன், தானும் வரைபவன். ஓவியங்களைவிட அவற்றின் ஒழுங்குமுறையைத்தான் அவன் அதிகம் சொன்னான். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வரையவேண்டும். இன்னொருவன் வரைந்ததன் மேல் வரைவது அவமரியாதை. வெயிலும் மழையும் நிறத்தைத் தின்றுவிடுவதால் வரைந்தவனே திரும்ப வந்து புதுப்பிக்கவேண்டும், அல்லது இடத்தை விட்டுக்கொடுக்கவேண்டும். ஸ்பிரே டப்பாவின் மூக்கை மாற்றி மாற்றிப் போட்டு, ரோமம்போல மெல்லிய கோடும் உள்ளங்கை அகலக் கோடும் இழுத்துக் காட்டினான். சுவர் முழுக்க யானைகள், பெரிய கண்கள் கொண்ட பெண்கள், பறவைகள். யானை ஏன் என்றேன். மறக்காத விலங்கு என்றான். பல ஓவியங்களில் வெள்ளைத் துணி வருகிறது. அதற்கு அவன் சொன்ன கதை நடந்த கதை. 2002 மே மாதம் ராணுவமும் போலீசும் இந்தச் சரிவுக்குள் சுட்டுக்கொண்டே நுழைந்தன. குழந்தைகள் உட்படப் பலர் செத்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கக்கூட வழியில்லாதபோது ஒரு வீட்டிலிருந்து யாரோ வெள்ளை விரிப்பை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். அடுத்த வீட்டில் இன்னொன்று. சரிவு முழுக்க வெள்ளைத் துணி. துப்பாக்கிச் சத்தம் நின்றது.

அவனுக்கு அப்போது ஆறு வயது. விரிப்பு நினைவில்லை என்றான். கட்டிலுக்கு அடியில் இருந்ததால் தரையின் நிறம்தான் நினைவிருக்கிறதாம்.

அந்த அக்டோபர் 16-ஆம் தேதி இன்னும் பெரிதாக வந்தார்கள், ‘ஓரியோன்’ என்ற பெயரில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர், ஹெலிகாப்டர்கள். கொரில்லாக்களை விரட்டியாயிற்று என்று அரசு அறிவித்தது. விரட்டப்பட்டவர்களின் இடத்தில் துணைராணுவக் குழு வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள்.

போகத் தொடங்கினார்கள் என்று எழுதுவது தப்பு. ஸ்பானிஷில் ‘தெசாபரெசேர்’ என்றால் மறைந்துபோவது. அது வழக்கமாகத் தன்வினை, ஒருவர் தானாக மறையலாம், இன்னொருவரை மறைக்க அந்தச் சொல்லைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் இங்கே ‘லோ தெசாபரெசியேரோன்’ என்கிறார்கள். ‘அவனை மறைந்துபோகவைத்தார்கள்’. இலக்கணத்தை உடைத்துத்தான் நடந்ததைச் சொல்ல முடிந்திருக்கிறது. எனக்கு உடனே நம் மொழியில் இதே முறிவு நடந்தது நினைவுக்கு வந்தது. ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லை ஏற்க மறுத்து, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று எழுதிப் பிடித்தபடி 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் சாலையோரம் உட்கார்ந்த தாய்மார்கள். ஒருவரையொருவர் கேள்விப்பட்டேயிராத இரண்டு ஊர்ப் பெண்கள், வினைச்சொல்லின் ஒரே இடத்தைப் பிடித்துத் திருகியிருக்கிறார்கள்.

மின்படிக்கட்டின் உச்சியில் பார்வைத்தளம். எல்லோரும் நகரத்தைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். இளைஞன் என்னை மறுபக்கம் திருப்பினான். எதிர்மலையில் பச்சைக்கு நடுவே தோல் உரிந்தாற்போல் மண். லா எஸ்கொம்ப்ரேரா. கட்டட இடிபாடுகளைக் கொட்டும் இடம். பிள்ளைகளைக் கொன்று அங்கேதான் புதைத்தார்கள், மேலே லாரி லாரியாக இடிபாடு விழுந்தது என்று தாய்மார்கள் இருபது வருடத்துக்கும் மேலாகச் சொன்னார்கள். ‘உண்மையை நோக்கி நடக்கும் பெண்கள்’ என்று அமைப்பே வைத்திருக்கிறார்கள். 2015-இல் தோண்டியபோது எதுவும் கிடைக்கவில்லை. கிழவிகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற பேச்சு வலுத்தது. 2024-இல் மறுபடி தோண்டினார்கள். டிசம்பர் 18-ஆம் தேதி மனித எலும்புகள் கிடைத்தன.

அடுத்த மாதமே நகரத்தின் ஒரு சுவரில் பெரிய எழுத்தில் வந்தது: ‘லாஸ் கூச்சாஸ் தியெனென் ரஸோன்’. கூச்சா என்பது மெதெயின் தெருச்சொல். அம்மாவையும் சொல்லலாம், வயதான பெண்ணையும் சொல்லலாம், சொல்லும் குரலைப் பொறுத்துச் செல்லம் அல்லது ஏளனம். நாம் ‘எங்க கிழவி’ என்று சொல்வோமே, அது. ‘கிழவிங்க சொன்னது சரிதான்.’ அவ்வளவுதான் வாசகம், கூடவே தாய்மார்களின் முகங்கள்.

நகர நிர்வாகம் உடனே ஆளனுப்பி அதைச் சாம்பல் நிறத்தால் அழித்தது. ஊரை அழகாக வைத்திருக்க வேண்டுமாம். கொமுனா 13-இன் சுவர்களைக் காட்டி உலகத்தையே அழைக்கும் அதே ஊர். வெள்ளைத் துணி வரைந்தால் சுற்றுலா, கிழவி சரி என்று எழுதினால் குப்பை. அழித்ததுதான் வினையாயிற்று. சில நாட்களில் இளைஞர்கள் கூட்டமாக வந்து அதே சுவரில் திரும்ப எழுதினார்கள். பொகோத்தாவிலும் மற்ற ஊர்களிலும் அதே வரி முளைத்தது. அழிக்காமல் விட்டிருந்தால் அந்த ஒரு சுவரோடு, ஒரு மழைக்காலத்தோடு போயிருக்கும்.

கொமுனா 13-இல் விற்கும் சட்டைகளில் யார் முகம் இருக்கிறது என்று சொல்லாமல் விட முடியவில்லை. ஊரையே குண்டுவைத்துக் கொன்ற கடத்தல்காரன் பாப்லோ எஸ்கோபாரின் முகம், சிரித்தபடி, எல்லா அளவிலும். அவன் குடியிருந்த மாடிக்கட்டடத்தை 2019 பிப்ரவரியில் நகராட்சி வெடிவைத்துத் தகர்த்து, பலியானவர்களுக்கு நினைவுப் பூங்கா கட்டியது. இங்கே அவனைத் தொப்பியாகவும் சாவிக்கொத்தாகவும் வாங்கிப் போகிறார்கள். இளைஞனிடம் கேட்டேன். “கேட்டு வருகிறார்கள், விற்கிறார்கள்” என்று தோளைக் குலுக்கினான். பைசாக்கள். எனக்கு எரிச்சல்தான். அவன் வீட்டு அடுப்பு எரிவதைப் பற்றி எரிச்சல்படும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பது வேறு.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கினோம். உள்ளிருந்த அம்மாள் பச்சைமாங்காய் ஐஸ் விற்பவர். குச்சியில் உறைந்த புளிப்பு, மேலே உப்பு, எலுமிச்சை. முதல் வாயிலேயே கண் மூடிக்கொண்டது. மிளகாய்ப்பொடி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை நோயாளியைப் போலப் பார்த்தார்.

அன்று இரவு வீட்டுக்கார அம்மாவிடம் செல்போனில் படங்களைக் காட்டினேன். குண்டம்மாவுக்குச் சிரித்தார். பறவைகளை வேகமாகத் தள்ளிவிட்டார். மெட்ரோ அருகே ஒரு மதிலில் சின்ன அச்சு எழுத்தாகப் பார்த்து நான் எடுத்திருந்த அந்த வரி வந்ததும் விரல் நின்றது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை வாசித்தார். சுவரில் எழுதுவது அசிங்கம் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. வேறெதுவும் சொல்லவுமில்லை.

அப்போது அவர் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் எப்போதும் பேசுவார். காலி என்ற நகரத்தில் வேலை பார்க்கும் மகன்.

“கூச்சா! சாப்பிட்டீங்களா?”

மருந்தைச் சொல், சம்பளத்தைச் சொல் என்று அவனைத் திட்டிக்கொண்டே அவர் சமையலறைக்குள் போனார். மேசையில் என் போன் கொஞ்சநேரம் ஒளிர்ந்துகொண்டிருந்துவிட்டு அணைந்தது.